நூறு கிலோமீட்டர் எங்கே போனது? எலக்ட்ரிக் பைக் ரேஞ்ச் பற்றிய கவலைகளும் கணக்குகளும்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை சித்தப்பா போன் செய்தார். நலம் விசாரிப்பெல்லாம் இல்லை, எடுத்த எடுப்பிலேயே புகார். "ஏம்ப்பா, வண்டி வாங்கி முழுசா ஒரு வருஷம் ஆகல. ஆரம்பத்துல நூறு கிலோமீட்டர் தாராளமா போச்சு. இப்ப அறுபது தாண்டறதுக்குள்ள மீட்டர் சிவப்பாயிடுது. பேட்டரி போயிடுச்சு, அவ்வளவுதான்." குரலில் கோபத்தைவிடப் பயம்தான் அதிகம். பேட்டரியை மாற்ற வேண்டி வந்தால் வண்டி விலையில் பெரும் பங்கு அதற்கே போய்விடும் என்று யாரோ அவரிடம் சொல்லியிருந்தார்கள்.

நேரில் போய்ப் பார்த்தேன். பின் டயரைக் கட்டை விரலால் அழுத்தினால் உள்ளே அமுங்கியது. காற்றழுத்தம் பார்த்தால் 18 பி.எஸ்.ஐ. வண்டியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கர்படி இருக்க வேண்டியது 32. "கடைசியா எப்ப காத்து அடிச்சீங்க சித்தப்பா?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தார். "பழைய வண்டிக்குப் பெட்ரோல் போடப் போறப்ப அப்படியே காத்தும் அடிச்சிடுவேன். இப்பதான் பங்க் பக்கமே போறதில்லையே!" பேச்சுவாக்கில் இன்னொன்றும் தெரிய வந்தது. இரண்டு மாதமாக அவர் ஊருக்குள் புகுந்து போவதில்லை, பைபாஸில் போகிறார். "சிக்னலே கிடையாது. அறுபதுல ஜம்முனு போகலாம்."

பேட்டரிக்கு ஒன்றும் ஆகவில்லை. காற்றடித்து, அதே பைபாஸில் நாற்பத்தைந்தைத் தாண்டாமல் ஓட்டிப் பார்த்தார். ரேஞ்ச், அதாவது ஒரு சார்ஜில் போகும் தூரம், தொண்ணூறுக்கு மேல் வந்துவிட்டது. எந்தப் பாகத்தையும் மாற்றாமல் முப்பது கிலோமீட்டர் திரும்பக் கிடைத்தது எப்படி? எலக்ட்ரிக் பைக் வைத்திருப்பவர்களும் வாங்க யோசிப்பவர்களும் கேட்கிற கேள்விகளில் முக்கால்வாசிக்கு இந்த ஒரு கேள்விக்குள்ளேயே பதில் இருக்கிறது.

பேட்டரிக்குள் கிலோமீட்டர் இல்லை

எல்லாரும் முதலில் கேட்பது "ஒரு சார்ஜுக்கு எத்தனை கிலோமீட்டர்?" என்றுதான். நியாயமான கேள்வி, ஆனால் அதற்கு ஒற்றை எண்ணாகப் பதில் கிடையாது. பேட்டரிக்குள் இருப்பது மின்சக்தி. அதை வாட்-அவரில் அளக்கிறோம். பேட்டரியின் பக்கவாட்டிலோ அடியிலோ ஒட்டியிருக்கும் லேபிளில் வோல்ட், ஆம்பியர்-அவர் என இரண்டு எண்கள் இருக்கும். இரண்டையும் பெருக்கினால் வாட்-அவர். 36 வோல்ட், 14 ஆம்பியர்-அவர் என்றால் 504 வாட்-அவர். பெடல் மிதிக்கும் மின்சார சைக்கிளில் ஏறத்தாழ இந்த அளவுதான் இருக்கும். ஸ்கூட்டர் வகை வண்டிகளில் 2,000 முதல் 4,000 வாட்-அவர் வரை. 1,000 வாட்-அவர் என்பது கரண்ட் பில்லில் வருகிற ஒரு யூனிட். சித்தப்பா வண்டியில் 3 யூனிட்.

இது ஒரு பக்கம். மறுபக்கம், ஒரு கிலோமீட்டர் நகர வண்டி எத்தனை வாட்-அவர் தின்கிறது என்பது. மெதுவாகப் போகிற, மிதித்தும் ஓட்டுகிற மின்சார சைக்கிளுக்கு 8 முதல் 12. மிதிக்காமல் த்ராட்டிலை மட்டும் முறுக்கினால் 15, 20 என ஏறும். ஸ்கூட்டருக்கு ஓட்டும் விதத்தைப் பொறுத்து 25 முதல் 50. முதல் எண்ணை இரண்டாவது எண்ணால் வகுத்தால் வருவதுதான் ரேஞ்ச். 3,000-ஐ 30-ஆல் வகுத்தால் நூறு கிலோமீட்டர். அதே 3,000-ஐ 49-ஆல் வகுத்தால் அறுபத்தொன்று. சித்தப்பாவின் நூறும் அறுபதும் ஒரே பேட்டரியிலிருந்து வந்த கதை இதுதான்.

முதல் எண் வருடக்கணக்கில் மெல்லத்தான் மாறும். இரண்டாவது எண் இன்று காலைக்கும் மாலைக்கும் இடையிலேயே மாறும். நாம் பயப்படுவது முதல் எண்ணைப் பற்றி, நம்மை நடுவழியில் நிறுத்துவதோ பெரும்பாலும் இரண்டாவது எண். இதைப் புரிந்துகொள்ளாமல் பேட்டரியைச் சந்தேகித்துச் சந்தேகித்தே பலர் நல்ல வண்டியை விற்றுவிடுகிறார்கள் என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிற விஷயம்.

பெட்ரோல் வண்டியில் ஏன் இந்தப் பிரச்சினை தெரியவில்லை? ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 9 யூனிட் சக்தி இருக்கிறது. அப்படிப் பார்த்தால் சித்தப்பா வண்டியின் முழு பேட்டரியும் மூன்றில் ஒரு பங்கு லிட்டர் பெட்ரோலுக்குச் சமம். ஒரு சின்ன தண்ணீர் பாட்டில் அளவு! அவ்வளவை வைத்துக்கொண்டு நூறு கிலோமீட்டர் போகிறது. பெட்ரோல் இன்ஜின் தனக்குக் கிடைக்கும் சக்தியில் பெரும்பகுதியைச் சூடாகவே வெளியே விடுகிறது. ஐந்தில் ஒரு பங்கு சக்கரத்துக்குப் போய்ச் சேர்ந்தாலே பெரிது. அவ்வளவு வீணாவதற்கு நடுவில் டயரில் காற்று குறைந்ததா, எதிர்க்காற்று அடித்ததா என்பதெல்லாம் கண்ணுக்கே தெரிவதில்லை. தெரிந்தாலும் டேங்க் பெரிது, பங்க் பக்கத்தில். எலக்ட்ரிக் பைக் வீணாக்குவது மிகக் குறைவு. அதனால் சாலையும் காற்றும் கேட்கிற கூலி ஒவ்வொன்றும் மீட்டரில் அப்பட்டமாகத் தெரிகிறது.

காற்றுதான் முதல் செலவு

வண்டி ஓடும்போது சக்தி எங்கெங்கே போகிறது? ஆளும் வண்டியும் சேர்த்து 180 கிலோ என்று வைத்துக்கொள்வோம். நல்ல சாலை, சமதளம், சரியான காற்றழுத்தம். டயர் உருள்வதற்கு மட்டும் கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 6 வாட்-அவர் வேண்டும். எந்த வேகத்தில் போனாலும் இது பெரிதாக மாறாது.

மாறுவது காற்றைக் கிழிக்கும் செலவு. நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டுகிற ஒருவர் காற்றுக்கு முன்னால் ஒரு கதவைப் போல நிற்கிறார். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். வேகம் இரண்டு மடங்கானால் எதிர்ப்பு நான்கு மடங்கு. கணக்குப் போட்டுப் பார்த்தால், 25 கிலோமீட்டர் வேகத்தில் காற்றுக்காகக் கிலோமீட்டருக்குச் சுமார் 5 வாட்-அவர் போகிறது. 40-இல் 13. 60-இல் 30. உருளும் செலவையும் சேர்த்து, மோட்டாரிலும் அதற்கு மின்சாரத்தை அளந்து விடுகிற கன்ட்ரோலரிலும் ஐந்தில் ஒரு பங்கு வீணாகிறது என்று வைத்தால், பேட்டரியிலிருந்து இறங்குவது 25-இல் 14, 40-இல் 24, 60-இல் 45.

இந்த மூன்று எண்களையும் இன்னொரு முறை பாருங்கள். 40-இலிருந்து 60-க்கு வேகத்தைக் கூட்டியதும் செலவு கிட்டத்தட்ட இரட்டிப்பு. பத்து கிலோமீட்டர் தூரத்துக்கு இதனால் மிச்சமாகும் நேரம் ஐந்து நிமிடம். அந்த ஐந்து நிமிடத்துக்கு நாம் கொடுப்பது பாதி ரேஞ்ச். அவசரம் இருக்கும் நாளில் கொடுக்கத்தான் வேண்டும், தப்பில்லை. என்ன கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுத்தால் போதும்.

எதிர்க்காற்றுக்கும் இதே கணக்குதான். நீங்கள் 30-இல் போகிறீர்கள், 15 கிலோமீட்டர் வேகத்தில் காற்று முகத்தில் அடிக்கிறது என்றால், உங்கள் உடம்புக்கு அது 45 கிலோமீட்டர் வேகக் காற்று. எதிர்ப்பு இரண்டேகால் மடங்கு. போகும்போது 40 சதவீதம் தீர்ந்து, வரும்போது 25 சதவீதம் மட்டும் தீர்ந்தால் பேட்டரி பைத்தியம் பிடித்து ஆடுகிறது என்று நினைக்க வேண்டாம். மரத்துக் கிளை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பாருங்கள்.

மேடும் நிறுத்தமும் டபுள்ஸும்

"டபுள்ஸ் போனா ரேஞ்ச் பாதியாயிடுமா?" என்று அடிக்கடி கேட்கிறார்கள். சமதளத்தில் ஒரே சீரான வேகத்தில் போனால் ஆகாது. பின்னால் 60 கிலோ ஆள் ஏறினால் டயர் உருளும் செலவு மூன்றில் ஒரு பங்கு கூடும். 6 வாட்-அவர் 8 ஆகும். காற்றின் செலவு அவ்வளவாக மாறாது, பின்னால் இருப்பவர் ஓட்டுபவரின் முதுகுக்குப் பின்னால் மறைந்துதானே உட்கார்ந்திருக்கிறார்.

ஏற்றத்தில் மட்டும் எடை தன் முழுக் கூலியையும் வாங்கும். 180 கிலோவை நூறு மீட்டர் உயரம் தூக்க 49 வாட்-அவர் வேண்டும். இழப்பையும் சேர்த்தால் 60-ஐத் தொடும். 40 வேகத்தில் சமதளத்தில் இரண்டரை கிலோமீட்டர் போகிற செலவு அது. டபுள்ஸ் என்றால் அதிலும் மூன்றில் ஒரு பங்கு கூடும். மலைச்சாலையில் 800 மீட்டர் ஏறுபவர், சாலையின் நீளத்துக்கான செலவோடு கிட்டத்தட்ட 500 வாட்-அவரைத் தனியாக எடுத்து வைக்க வேண்டும். சின்ன மின்சார சைக்கிளுக்கு அது முழு பேட்டரி. அதனால்தான் மலைப் பகுதியில் மிதித்து உதவுவது ஒரு பெரிய விஷயம். சாதாரண ஆளின் கால்கள் தொடர்ந்து 75 முதல் 100 வாட் வரை கொடுக்கும். மோட்டார் கொடுப்பது 200 வாட் என்றால், மூன்றில் ஒரு பங்கு சுமையைக் கால்களே சுமக்கின்றன.

இறங்கும்போது அந்தச் சக்தி திரும்பி வராதா? வரும், கொஞ்சம். பிரேக் பிடிக்கும்போது மோட்டாரையே ஜெனரேட்டராக்கிப் பேட்டரிக்குத் திருப்பி அனுப்பும் வசதி சில வண்டிகளில் உண்டு. ஆனால் காற்றுக்கும் டயருக்கும் கொடுத்தது கொடுத்ததுதான். மீதியிலும் மோட்டார், கன்ட்ரோலர், பேட்டரி என வரும் வழியெல்லாம் ஒரு பங்கு கழிந்துவிடும். நகர ஓட்டத்தில் இதனால் ரேஞ்ச் ஓரளவு கூடும், அவ்வளவே. பெரும்பாலான மின்சார சைக்கிள்களில் இந்த வசதியே இல்லை, சக்கரம் மோட்டாரிலிருந்து விடுபட்டுச் சும்மா சுழலும்.

நின்று நின்று போவதும் இதே வகைதான். 180 கிலோவை நிலையிலிருந்து 40 வேகத்துக்குக் கொண்டுவர ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 4 வாட்-அவர். ஒரு கிலோமீட்டருக்குள் மூன்று சிக்னல் என்றால் 12 வாட்-அவர் செலவாகி, அதில் பெரும்பகுதி பிரேக் ஷூவில் சூடாகக் கரைகிறது. தூரத்தில் சிவப்பு விழுவது தெரிந்ததும் ஆக்சிலேட்டரை விட்டுவிட்டு வண்டியைத் தானாக உருள விடுபவருக்கும், சிக்னல் வரை முறுக்கிப் போய்க் கடைசியில் பிரேக் அடிப்பவருக்கும் இங்கேதான் வித்தியாசம் வருகிறது.

டயரில் காற்று குறைந்தால் உருளும் செலவு ஏறும், அதைச் சித்தப்பா வண்டியிலேயே பார்த்தோம். கூடவே ஒரு காரியம் செய்யுங்கள். சென்டர் ஸ்டாண்ட் போட்டுச் சக்கரத்தைக் கையால் சுற்றிவிடுங்கள். பிரேக் எங்காவது உரசினால் சரசரவென்று சத்தம் கேட்கும், சக்கரம் சீக்கிரமே நின்றுவிடும். அப்படி உரசுகிற பிரேக்கோடு மாதக்கணக்கில் ஓட்டிவிட்டுப் பேட்டரியைக் குறை சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

விளம்பரத்தில் சொல்லும் தூரம் பொய்யா?

பொய் இல்லை, ஆனால் உங்கள் சாலையும் இல்லை. சோதனைக் கூடத்தில் வண்டியை உருளைகளின் மேல் ஏற்றி, முன்கூட்டியே வகுத்த வேக அட்டவணைப்படி ஓட்டுகிறார்கள். ஒரே ஆள் எடை, இதமான வெப்பநிலை, புது பேட்டரி, சரியான டயர். எல்லா வண்டிகளையும் ஒரே தராசில் வைத்து ஒப்பிட இப்படி ஒரு முறை தேவைதான். அந்த எண்ணை இரண்டு வண்டிகளில் எது சிக்கனம் என்று பார்க்கப் பயன்படுத்துங்கள். நாளைக் காலை எவ்வளவு தூரம் போகலாம் என்று முடிவு செய்யப் பயன்படுத்த வேண்டாம்.

விற்பவரிடம் கேட்க வேண்டியவை வேறு. பேட்டரியின் மொத்தக் கொள்ளளவு எவ்வளவு, அதில் ஓட்டுவதற்குக் கிடைப்பது எவ்வளவு? இரண்டும் ஒன்றாக இருக்காது. பேட்டரியின் ஆயுளைக் காக்க மேலேயும் கீழேயும் கொஞ்சம் ஒதுக்கி வைப்பார்கள். அந்தக் கிடைக்கும் அளவை நீங்கள் வழக்கமாக ஓட்டும் வேகத்தின் செலவால் வகுத்துக்கொள்ளுங்கள். அதிலும் நான்கில் ஒரு பங்கைக் கழித்துவிட்டு, மிச்சம் உங்கள் ஒரு நாள் தேவைக்குப் போதுமா என்று பாருங்கள். அந்தக் கால் பங்கு எதற்கு என்றால் எதிர்க்காற்று, குளிர், சுற்றுப் பாதை, நான்கு வருடம் கழித்துக் குறையப்போகும் கொள்ளளவு ஆகியவற்றுக்கு.

மீட்டர் ஏன் இப்படிக் குதிக்கிறது

ரேஞ்ச் பற்றிய பயத்தில் பாதியைக் கிளப்புவது இந்த மீட்டர்தான். மேம்பாலம் ஏறும்போது மூன்று கட்டம் இரண்டாகும், இரண்டு ஒன்றாகும், ஒன்று மின்னத் தொடங்கும். மனசு படபடக்க ஓரமாக நிறுத்தி, தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால் இரண்டு கட்டம் பழையபடி எரிந்துகொண்டிருக்கும். என் முதல் மின்சார சைக்கிளில் இந்த வேடிக்கை எனக்கே பல தடவை நடந்தது. பேட்டரி செத்துப் பிழைக்கிறது என்றே நம்பியிருந்தேன்.

நடப்பது இதுதான். 48 வோல்ட் பேட்டரிக்குள் லித்தியம் செல்கள் 13 வரிசைகளாக, ஒன்றன்பின் ஒன்றாகத் தொடுக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு வரிசையும் முழு சார்ஜில் 4.2 வோல்ட், ஆக மொத்தம் 54.6. தீரும்போது வரிசைக்கு 3 வோல்ட் அளவுக்கு, அதாவது மொத்தம் 39-க்கு இறங்கும். மலிவான மீட்டர்கள் இந்த வோல்ட்டை மட்டும் பார்த்துக் கட்டங்களைக் காட்டுகின்றன. பேட்டரிக்குள்ளேயே கொஞ்சம் மின்தடை உண்டு. அது 0.15 ஓம் என்று வையுங்கள். ஏற்றத்தில் மோட்டார் 30 ஆம்பியர் இழுத்தால் 4.5 வோல்ட் அந்த நேரத்துக்கு மட்டும் அமுங்கிவிடும். உண்மையில் 47 வோல்ட் இருக்கும் பேட்டரி 42.5 என்று காட்டும். மீட்டருக்கு அது கிட்டத்தட்ட காலி. ஆக்சிலேட்டரை விட்டதும் வோல்ட் எழுந்துவிடும்.

இதில் இன்னொரு பாடமும் இருக்கிறது. உள்ளே அமுங்கும் அந்த வோல்ட் சும்மா போவதில்லை, சூடாக மாறுகிறது. 10 ஆம்பியர் இழுத்தால் 15 வாட் சூடு. 30 ஆம்பியர் இழுத்தால் 135 வாட். மும்மடங்கு இழுத்தால் ஒன்பது மடங்கு வீண். சிக்னல் விழுந்ததும் முழு முறுக்கு முறுக்கிக் கிளம்புபவர் பேட்டரிக்குள் ஒரு சின்ன ஹீட்டரை எரிக்கிறார்.

நல்ல வண்டிகளில் பேட்டரியைக் கண்காணிக்கும் பி.எம்.எஸ். என்ற மின்னணுப் பலகை, உள்ளே போகிற, வெளியே வருகிற ஆம்பியரைக் கணக்கெழுதி வைத்துச் சதவீதத்தைக் காட்டும். இது நம்பகமானது, ஆனால் கணக்குப்பிள்ளைக்கும் நாளடைவில் சின்னச் சின்னப் பிசகு சேரும். அவ்வப்போது முழுக்க சார்ஜ் ஏற்றினால் கணக்கு நேராகும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகைப் பேட்டரிகளுக்கு இது மிகவும் முக்கியம். அவற்றின் வோல்ட் நடுப்பகுதி முழுக்கக் கிட்டத்தட்ட ஒரே மட்டமாக இருக்கும்; 70 சதவீதமா 40 சதவீதமா என்று வோல்ட்டைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. கடைசியில் மட்டும் சட்டென்று சரியும்.

"இன்னும் 34 கி.மீ." என்று திரையில் வருவது இன்னொரு வகை எண். கடந்த சில கிலோமீட்டர்களில் நீங்கள் ஓட்டிய விதத்தை வைத்து வண்டி போடுகிற கணிப்பு அது. இறக்கத்தில் ஓட்டிவிட்டு வந்தால் தாராளமாகச் சொல்லும், ஏற்றம் தொடங்கியதும் கிடுகிடுவென இறங்கும். முன்னால் மேடு இருப்பது அதற்குத் தெரியாது. நான் அந்த எண்ணைப் பார்ப்பதை விட்டுவிட்டேன். சதவீதத்தை மட்டும் பார்க்கிறேன், மிச்சத்தை என் சொந்தக் கணக்கு சொல்கிறது.

அந்தச் சொந்தக் கணக்கு எளிது. முழு சார்ஜோடு கிளம்பி, வழக்கமான பாதையில் வழக்கம்போல 20 கிலோமீட்டர் ஓட்டுங்கள். 25 சதவீதம் இறங்கியிருந்தால், 3,000 வாட்-அவர் பேட்டரியில் 750 செலவு, கிலோமீட்டருக்கு 37.5. இதை ஒரு நோட்டில் தேதியோடு எழுதி வையுங்கள். அதே பாதையில், அதே வேகத்தில் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை செய்தால் எது மாறுகிறது என்று தெரியும். திடீரென ஒரே வாரத்தில் கூடினால் டயரையோ பிரேக்கையோ பாருங்கள். வருடங்களில் மெல்ல மெல்லக் கூடினால் அது பேட்டரியின் வயது; கொள்ளளவு சுருங்கும்போது அதே தூரத்துக்கு அதிக சதவீதம் இறங்கும்.

குளிரும் வெயிலும்

குளிரில் பேட்டரிக்குள் வேதிவினை மந்தமாகும், உள் மின்தடை ஏறும். பூஜ்யம் டிகிரியை ஒட்டிய குளிரில் ரேஞ்ச் ஐந்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ குறைவது சாதாரணம். இது நிரந்தர இழப்பு கிடையாது, வெயில் வந்ததும் திரும்பிவிடும். நிரந்தரச் சேதம் வருவது உறைநிலைக்குக் கீழே சார்ஜ் ஏற்றும்போது. லித்தியம் மின்முனைக்குள் நுழைய முடியாமல் அதன் மேலேயே உலோகமாகப் படியும், அது திரும்பாது. குளிர்ப் பிரதேசத்தில் இருப்பவர்கள் கழற்றக்கூடிய பேட்டரியை வீட்டுக்குள் கொண்டுவந்து, அறையின் சூட்டுக்கு வந்த பிறகு சார்ஜரைச் செருகுவது நல்லது.

வெயில் இதற்கு நேர்மாறு. சூட்டில் அன்றைக்கு ரேஞ்ச் நன்றாகவே கிடைக்கும், சேதம் ஓசையில்லாமல் சேரும். செல்லுக்குள் நடக்கும் பக்கவிளைவு வேதிவினைகள் வெப்பம் ஏற ஏற வேகம் பிடிக்கும். மதிய வெயிலில் முழு சார்ஜோடு நாள் முழுக்க நிற்கிற வண்டிக்குத்தான் வயது வேகமாக ஏறும். ஓட்டி வந்த சூட்டோடு சார்ஜ் போடாமல் அரை மணி ஆற விடுவது சின்னப் பழக்கம்தான், ஆனால் பலன் தருவது.

பேட்டரி எத்தனை வருடம் வரும்

லித்தியம்-அயான் பேட்டரி 1991-இல் சோனி நிறுவனம் வழியாகச் சந்தைக்கு வந்தது. அதற்கு அடித்தளம் போட்ட குட்இனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ மூவருக்கும் 2019-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. மூன்று பத்தாண்டுகளில் செல்கள் எவ்வளவோ முன்னேறிவிட்டன. ஆனாலும் பழைய போன் பேட்டரிகள் ஊதிப்போன நினைவிலேயே பலர் வண்டிப் பேட்டரியையும் எடைபோடுகிறார்கள்.

ஆயுளைச் 'சைக்கிள்' கணக்கில் சொல்வார்கள். முழுசாக ஒரு தடவை தீர்ந்து ஏறினால் ஒரு சைக்கிள். பாதி பாதியாக இரண்டு தடவை ஏற்றினாலும் ஒரு சைக்கிள்தான். அடிக்கடி சார்ஜ் போட்டால் ஆயுள் குறையும் என்ற பயம் தேவையில்லை. நிக்கல், மாங்கனீஸ், கோபால்ட் கலந்த செல்கள் பொதுவாக 500 முதல் 1,000 சைக்கிள் வரை போய், கொள்ளளவில் 80 சதவீதத்துக்கு வரும். இரும்பு பாஸ்பேட் வகை 2,000-ஐத் தாண்டும். எடை கொஞ்சம் கூடுதல் என்பதுதான் அதற்குக் கொடுக்கும் விலை.

குறைந்தபட்சமான 500-ஐயே எடுத்துக்கொள்வோம். ஒரு சார்ஜுக்கு 80 கிலோமீட்டர் என்றால் 40,000 கிலோமீட்டர். தினம் 30 கிலோமீட்டர் வீதம் வருடத்தில் 300 நாள் ஓட்டுபவருக்கு நாலரை வருடம். அப்போதும் பேட்டரி சாவதில்லை. 80 போன இடத்தில் 64 போகும். தினத் தேவை 30 என்றால் அதன் பிறகும் பல வருடம் ஓட்டலாம். ஆரம்பத்திலேயே தேவைக்கு ஒட்டி, கணக்காக 35 கிலோமீட்டர் ரேஞ்ச் வண்டி வாங்கியவர்தான் மாட்டிக்கொள்வார்.

ஓடாமல் நின்றாலும் பேட்டரிக்கு வயதாகும். நூறு சதவீதத்தில் சூட்டில் நிறுத்துவது அதற்குக் கெடுதல், பூஜ்யத்தில் நிறுத்துவது இன்னும் கெடுதல். தினசரி ஓட்டத்துக்கு 80, 90 சதவீதம் போதுமென்றால் அங்கே நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் மாதம் ஓரிரு தடவையாவது நூறு வரை ஏற்றி, சார்ஜரைச் சற்று நேரம் அப்படியே விட்டு வையுங்கள். 13 வரிசைகளும் ஒரே மட்டத்துக்கு வருவது பல பேட்டரிகளில் அந்தக் கடைசி நேரத்தில்தான். ஒரே ஒரு வரிசை மட்டும் பின்தங்கினாலும் பி.எம்.எஸ். அந்த வரிசையைப் பார்த்தே மொத்த பேட்டரியையும் அணைக்கும். மற்ற 12-இலும் சார்ஜ் மிச்சம் இருக்க, வண்டி நின்றுவிடும். 20 சதவீதம் காட்டிக்கொண்டே பொட்டென்று அணைகிற பேட்டரியில் பெரும்பாலும் இதுதான் நடந்திருக்கும். இரண்டு மூன்று தடவை முழு சார்ஜ் ஏற்றியும் சரியாகவில்லை என்றால், அதைத் திறந்து வரிசை வரிசையாக அளக்கத் தெரிந்தவரிடம் காட்ட வேண்டும். இங்கே சித்தப்பாவின் பயம் நியாயமாகிறது. இது உண்மையிலேயே பேட்டரிக் கோளாறு.

நடுவழியில் குறைந்துவிட்டால்

முதலில் வேகத்தைக் குறையுங்கள். 40-இல் 10 கிலோமீட்டர் மட்டுமே போகிற சார்ஜ், 25-இல் 17 கிலோமீட்டர் வரை கொண்டுபோகும். மேலே பார்த்த 24-க்கும் 14-க்கும் உள்ள வித்தியாசம் அது. ஈக்கோ மோடு இருந்தால் போட்டுவிடுங்கள். அது மோட்டார் இழுக்கும் ஆம்பியருக்குக் கடிவாளம் போடும். மேடு வந்தால் மெல்ல ஏறுங்கள், சைக்கிள் என்றால் இறங்கித் தள்ளுங்கள். முகப்பு விளக்கை அணைத்து மிச்சம் பிடிக்கப் பார்க்காதீர்கள், அது இழுப்பது சொற்பம், இருட்டில் அது உயிர்.

வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் களைப்பில் வண்டியை அப்படியே போட்டுவிட்டுத் தூங்கப் போகத் தோன்றும். அன்றைக்கு மட்டும் அப்படிச் செய்ய வேண்டாம். காலியான பேட்டரியிலிருந்தும் பி.எம்.எஸ். சொட்டுச் சொட்டாகச் சக்தியை எடுத்துக்கொண்டே இருக்கும். செல் ஒரு மட்டத்துக்குக் கீழே போய்விட்டால் பாதுகாப்புக்காகப் பேட்டரி தன் வாசலை அடைத்துக்கொள்ளும். எங்கள் உறவில் ஒருவர் இப்படிச் சிவப்பில் நிறுத்திவிட்டு இரண்டு மாதம் வெளியூர் போய்விட்டார். திரும்பி வந்து சார்ஜரைச் செருகினால் உடனே பச்சை விளக்கு எரிந்தது. ஏறிவிட்டது என்று சந்தோஷப்பட்டார். சார்ஜரிலிருந்து ஒரு ஆம்பியர்கூட உள்ளே போகவில்லை, அதனால்தான் பச்சை. கிளம்பும் முன் பாதி சார்ஜ் ஏற்றி, வண்டியை மெயின் சுவிட்சில் அணைத்துவிட்டுப் போயிருந்தால் இரண்டு மாதத்துக்குப் பிறகும் கிட்டத்தட்ட அதே பாதி அவருக்காகக் காத்திருந்திருக்கும்.